மகனை அனுப்பிவைத்த தாய்

மேல் வகுப்பு மாணவருக்குப் புறநானூறு படிப்பித்து வந்த காலத்தில், ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டு வரும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்ப்பதுண்டு. முன்னைய போரில் தமையனைப் பறிகொடுத்தவள், நேற்றைய போரில் கணவனையும் இழந்தவள், இன்று மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனை அழைத்துக் குடுமியில் எண்ணெய் தடவிச் சீவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள். அவளுடைய மறத்தைப் புகழ்ந்து உரை கூறுவது ஆசிரியனுக்கு எளிது. பாட்டின் வேகமே அவனைத் தூக்கிச் சென்றுவிடும். ஓர் ஆண்டு, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, மறுநாள் அந்தத் தாய் என்ன செய்தாள் என்று கேட்டாள். பாட்டில் அது இல்லை என்றேன். மறக்குடி மரபைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்குள் மணியும் அடித்துவிட்டது.

அவளுக்கு நான் கூறியது விடையன்று என்பது அப்போதே எனக்குத் தெரியும். பல ஆண்டுகளின் பின்னர், ஜேர்மன் நாட்டுச் சித்திரக்காரி ஒருவரின் படத்தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி திரும்பவும் என்முன் வந்து நின்றது. மகனைப் போருக்கு அனுப்பிவைத்து, அதன் மறுநாளையும், அதற்குப் பின்வந்த முப்பது ஆண்டுகளையும் வாழ்ந்து தீர்த்த ஒரு தாயின் கதை அது. கேத்தே கொல்விட்ஸ் என்ற பெயரை ஓவியக் கலையில் ஈடுபாடுடையோர் அறிவர். ஏனையோர் பெயரை அறியாவிடினும், இறந்த பிள்ளையை மார்போடு அணைத்திருக்கும் தாயின் கரிய சித்திரம் ஒன்றை எங்காவது கண்டிருத்தல் கூடும்.

1867ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி, கிழக்குப் பிரசியாவின் கோனிக்ஸ்பேர்க் நகரில் கேத்தே சிமித் பிறந்தார். தத்துவஞானி கான்ட் வாழ்ந்து மறைந்த அந்நகரம், இரண்டாம் உலகப் போரின் பின்னர் ருஷ்யர் வசமாகிக் காலினின்கிராட் எனப் பெயர் பெற்றுவிட்டது. தாய்வழிப் பாட்டனார் யூலியுஸ் ருப், அரசாங்கத் திருச்சபையோடு முரண்பட்டு வெளியேறிச் சுதந்திரமான சமயச் சபை ஒன்றை நிறுவியவர். தந்தையார் சட்டம் பயின்றவர். ஆயினும், தமது கொள்கைக்கும் பிரசிய அரசின் சேவைக்கும் ஒத்துவராது என்று கண்டு அதைக் கைவிட்டுக் கட்டட வேலையைத் தொழிலாகக் கொண்டார். கடமை, மனச்சாட்சி என்னும் சொற்கள் பெருமளவில் புழங்கிய வீடு அது. இதை நான் வீணாகக் குறிப்பிடவில்லை. பின்னொரு நாள் அந்த அம்மையாரை வீழ்த்தியதும் அந்தச் சொற்களே.

மகளின் கைத்திறனைக் கண்டறிந்து சித்திரம் பயில வைத்தவர் தந்தையே. கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலமாதலால், பேர்லினிலும் மூனிக்கிலும் பெண்களுக்கென இருந்த கலைப் பள்ளிகளில் அவர் கற்றார். 1891ஆம் ஆண்டு கார்ல் கொல்விட்ஸ் என்னும் வைத்தியரை மணந்து, பேர்லின் நகரின் வடபகுதியில், தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த தெரு ஒன்றிற் குடியேறினார். அதே வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கணவரிடம் மருந்துக்கு வரும் பெண்கள் தம் நோயைச் சொல்லிவிட்டுப் பின்னர் தம் வாழ்க்கையையும் சொல்வார்கள். கணவனுக்கு வேலை போன கதை, பிள்ளை பசியிற் கிடக்கும் கதை. கொல்விட்ஸ் அம்மையார் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய சித்திரங்களில் வரும் முகங்கள் பலவும் அந்த வீட்டு வாயிலால் வந்தவை.

மூத்த மகன் ஹான்ஸ் 1892இலும் இளைய மகன் பேற்றர் 1896இலும் பிறந்தனர். இதனிடையே, ஹவுப்ட்மான் எழுதிய நெசவாளர் நாடகத்தைப் பார்த்த உள்ளக் கொதிப்பில், 1844இல் சைலீசியாவில் நிகழ்ந்த நெசவாளர் எழுச்சியை ஆறு தாள்களாக அவர் தீட்டினார். மூன்று கல்லச்சிலும் மூன்று உலோகத் தகட்டிலும் ஆனவை. 1898இல் பேர்லின் பெருங் கண்காட்சியில் வைக்கப்பட்ட அவற்றுக்குப் பொற்பதக்கம் வழங்குமாறு நடுவர் குழு சிபாரிசு செய்தது. அமைச்சர் வேண்டாமென்றார். சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மும் மறுத்தார். பட்டினி கிடந்தோரின் எழுச்சிக்கு அரண்மனையிலிருந்து பதக்கம் வந்திருந்தால் அதுவே வியப்பாக இருந்திருக்கும். எப்படியாயினும், மறுக்கப்பட்ட பதக்கம் அவருக்குப் பெற்றதற்கும் மேலான புகழைத் தந்தது.

இந்தக் காலத்துப் படைப்புகளுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 1903இற் செய்த, இறந்த பிள்ளையுடன் இருக்கும் பெண்ணின் படம். ஆடையற்ற தாய் தரையில் அமர்ந்து, உயிரற்ற உடலை விழுங்கிவிடுவாள் போல அணைத்திருக்கிறாள். அதை வரையும்போது ஏழு வயதுப் பேற்றரையே மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து அவர் தம்மைத் தாமே வரைந்தார். அந்த நிலையில் நெடுநேரம் இருப்பது கடினமாகையால் அவர் முனகியபோது, மடியிற் கிடந்த சிறுவன் படம் அழகாக வரும் என்று தாயைத் தேற்றினானாம். மற்றையது, பதினாறாம் நூற்றாண்டில் நிகழ்ந்த விவசாயிகள் போர் பற்றிய தொகுதியில், 1907இற் செய்த போர்க்களம் என்னும் தாள். இருள் மண்டிய களத்தில் பிணங்கள் கிடக்கின்றன. கிழவி ஒருத்தி கூனிக் குனிந்து, கையில் விளக்கோடு ஒவ்வொன்றாய்த் தடவிவந்து ஓர் இளைஞனின் முகத்தில் விரல் வைக்கிறாள். நம்மவர்க்கு இது புதிய காட்சியன்று. மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்டு வாளோடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டிப் பார்த்த முதியவளை, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிவிட்டார். ஆனால் அந்தத் தாய் மகனின் விழுப்புண்ணைக் கண்டு பெற்ற பொழுதினும் பெரிதுவந்தாள். இந்தத் தாயின் முகத்தில் உவகையைத் தேடிப் பயனில்லை.

படத்திற் கண்டதெல்லாம் வீட்டுக்கு வரும் காலமும் வந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பேற்றருக்கு வயது பதினெட்டு. நண்பர்களோடு நோர்வே நாட்டிற்குச் சுற்றுலாச் சென்றிருந்தவன், செய்தி அறிந்ததும் விரைந்து திரும்பினான். போரை எதிர்க்கும் என்று நம்பப்பட்ட சமூக ஜனநாயகக் கட்சியே ஆகஸ்ட் 4ஆம் திகதி பாராளுமன்றத்தில் போர்ச் செலவுக்கு வாக்களித்துவிட்டது. தெருவெங்கும் பாட்டும் பூவும். தியாகத்தின் இன்பத்தைப் பற்றிப் பெண்களே பத்திரிகைகளில் எழுதினார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவன் தானாகப் படையிற் சேர விரும்பினால் தந்தையின் அனுமதி வேண்டும். பேற்றர் அதைக் கேட்டான்.

ஆகஸ்ட் 10ஆம் திகதி மாலை அந்த வீட்டில் நடந்ததை அம்மையார் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கார்ல் இசையவில்லை. அவனுடைய வயதினரை நாடு இன்னும் அழைக்கவில்லை, எனவே அவன் தேவையில்லை என்று வாதாடினார். தன் வயதினர் தேவையில்லாதிருக்கலாம், ஆனால் தான் தேவை என்பது மகனின் மறுமொழி. பேச்சு ஓய்ந்தது. மகன் வாய் திறவாமல் தாயைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த மன்றாட்டத்தை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்தார். மகன் பின்தொடர்ந்தான். கதவருகே நின்று இருவரும் அணைத்து முத்தமிட்டுக்கொண்டனர். பிறகு அவர் திரும்பிவந்து, மகனுக்காகக் கணவனிடம் கெஞ்சினார். கார்ல் இணங்கினார்.

இந்த ஓர் இரவை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. போர் வெறி கொண்ட தாயல்லர் அவர். பட்டினியையும் சாவையும் அவரைப் போல அறிந்த சித்திரக்காரர் அன்று ஜேர்மனியில் வேறொருவர் இருந்தாரோ என்பதும் ஐயமே. ஆயினும், பெரிதென்று தான் நம்பும் ஒன்றுக்குத் தன்னைக் கொடுக்க வரும் பிள்ளையைத் தடுக்கலாகாது என்று அவர் வளர்ந்த வீடு அவருக்குக் கற்பித்திருந்தது. எண்ணெய் தடவித் தலை சீவிய கையும், கணவன் முன் குவிந்த கையும் ஒன்றுதான். பாடிய புலவர்தான் இல்லை.

இரண்டு மாதம் நிரம்பாத பயிற்சியோடு, ஒக்டோபர் நடுப்பகுதியில் பேற்றரின் படைப்பிரிவு பெல்ஜியத்துக்குப் புறப்பட்டது. இசேர் ஆற்றங்கரைப் போரில், டிக்ஸ்மூடே நகருக்கு அண்மையில், ஒக்டோபர் 22ஆம் திகதி இரவு கடந்து 23 புலரும் வேளைக்குள் அவன் கொல்லப்பட்டான். களம் புகுந்து சில நாட்களே ஆகியிருந்தன. செய்தி வீட்டுக்கு 30ஆம் திகதி வந்தது.

அவனுடைய அறையை அம்மையார் கலைக்கவில்லை. கட்டில் அங்கேயே இருந்தது. பூ வைப்பார், போய் உட்கார்ந்திருப்பார், நத்தாருக்கு மரமும் வைப்பார். உயிரோடிருந்த அவனுடைய நண்பர்கள் விடுமுறையில் வரும்போது அந்த அறைக்கே வருவர். அவர்களுட் பலரும் பிறகு ஒவ்வொருவராய் வீழ்ந்தனர். இழந்தவர் வீடுகளில் இவ்வாறு ஓர் அறை, அல்லது ஓர் அலுமாரி, அதுவுமில்லையேல் ஒரு சட்டையாவது இருப்பதை நாம் அறிவோம். அதற்கு மேல் எதுவும் செய்ய இயலாதவரே பெரும்பாலோர். சிற்பமும் பயின்ற கொல்விட்ஸ் அம்மையாருக்கு ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. 1914 டிசெம்பரிலேயே மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைக்கத் திட்டமிட்டுவிட்டார்.

அந்த முதற் திட்டத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். பேற்றர் கால் நீட்டிப் படுத்திருப்பான். தலைமாட்டில் தந்தையும் கால்மாட்டில் தாயும் இருப்பார்கள். பேர்லினுக்கு வெளியே ஹாவல் ஆற்றைப் பார்த்த உயர்ந்த மேட்டில், ஷில்ட்ஹோர்ன் என்னுமிடத்தில் அது நிற்கும். அவனுக்கு மட்டுமன்றி, தாமாக முன்வந்து உயிர் கொடுத்த இளைஞர் அனைவருக்கும் அது உரியதாகும். கோடை நாளில் மாணவர் கூட்டமாக வந்து பாடுவர். அதாவது, அது தியாகத்தைப் போற்றும் சின்னம். அந்த நம்பிக்கையோடுதான் மகன் போனான். அந்த நம்பிக்கையோடுதான் தாயும் அனுப்பினார்.

வேலை ஓடவில்லை. களிமண்ணில் உருவங்கள் எழுந்தன, திருத்தினார், குலைத்தார், மீண்டும் தொடங்கினார். கைத்திறன் குறைந்துவிட்டது என்று தம்மையே நொந்துகொண்டார். உண்மையிற் குறைந்துவந்தது வேறு. போர் நீள நீள, அதற்காக உயிர் கொடுத்தல் தகும் என்ற எண்ணமே அவருள் தேய்ந்துகொண்டிருந்தது. 1916 ஆன போது, இளைஞர்கள் எல்லா நாடுகளிலும் ஒரேவிதமாய் ஏமாற்றப்பட்டனர் என்று அவர் கருதத் தொடங்கிவிட்டார். ஆனால் அப்படி நினைக்கும்போதெல்லாம் அறைக்குள் இருக்கும் மகன் முன் வந்து நின்றான். போர் பைத்தியக்காரத்தனம் என்று கூறினால் அவனுடைய சாவுக்கு என்ன பொருள்? அவன் எதை நம்பி இறந்தானோ அதைத் தாய் மறுப்பது அவனுக்குச் செய்யும் துரோகமாகாதா? மறுக்காவிட்டால், இன்னும் எத்தனை தாய்மாரின் பிள்ளைகளுக்குத் துரோகம்? இந்தக் கேள்வியை அவர் நாட்குறிப்பிலே மகனிடமே கேட்டுக் கேட்டு எழுதினார்.

போரில் மடிந்தோரை நினைவுகூரும் எவருக்கும் இந்த இடறல் உண்டு. நம்முடையவனை மதிக்க வேண்டும், ஆகவே அவன் போன காரணத்தையும் மதிக்க வேண்டும் என்று மனம் ஒன்றை மற்றொன்றோடு முடிந்துவிடுகிறது. அந்த முடிச்சு எளிதில் அவிழ்வதில்லை. இவருக்கு நான்கு ஆண்டுகள் எடுத்தன.

1918 ஒக்டோபரில் ஜேர்மனியின் தோல்வி உறுதியாகிவிட்டது. அப்போது றிச்சாட் டேமெல் என்னும் புகழ்பெற்ற கவிஞர், உடல் வலுவுள்ளோர் யாவரும் கடைசியாக ஒருமுறை தாமே முன்வந்து படையிற் சேரவேண்டும் என்று பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். ஐம்பது வயது கடந்த நிலையிலும் தாமே போர்முனைக்குப் போய்வந்தவர் அவர். ஆதலால் அவரைக் கோழையென்றோ போலியென்றோ எவரும் தள்ளிவிட முடியாது. அவருக்கு மறுப்பாகக் கொல்விட்ஸ் அம்மையார் பகிரங்கக் கடிதம் எழுதினார். சாவு போதும், இனி ஒருவனும் வீழலாகாது என்பதே அதன் சாரம். விதைக்கென வைத்த தானியத்தை மாவாக அரைத்தலாகாது என்னும் கோதேயின் கருத்தையும் துணைக்கு அழைத்திருந்தார். விதைநெல்லுக்குத் தனிக் கூடை வைத்துப் பஞ்சத்திலும் அதைத் தொடாது காத்த குடிகளின் வழிவந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. மகன் இறந்த செய்தி வந்து நான்காண்டு நிறையும் அதே நாட்களில் அக்கடிதம் அச்சேறியது. அன்றுதான் அவர் மகனுடைய நம்பிக்கையையும் மகனையும் வேறு வேறாகப் பிரித்துக் காணும் துணிவு பெற்றார் என்பது என் எண்ணம்.

1919இல் பிரசியக் கலைக்கழகம் அவரை அங்கத்தவராகத் தெரிந்தது. அந்தப் பேறு பெற்ற முதற் பெண் அவரே. அதே ஆண்டில், ஐந்தாண்டு உழைத்த நினைவுச் சின்னத்தை முடிக்காமலே நிறுத்தினார். திரும்பி வருவேன் என்று மட்டும் மகனுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டார்.

இடையிட்ட காலத்தில், ஏர்ன்ஸ்ட் பார்லாகின் மரச் செதுக்கு அச்சுகளைக் கண்டு தாமும் அந்த முறையைக் கைக்கொண்டார். போர் என்னும் தலைப்பில் ஏழு தாள்கள் 1922, 1923ஆம் ஆண்டுகளில் உருவாயின. அவற்றில் துப்பாக்கி இல்லை, அகழி இல்லை, பகைவனும் இல்லை. முதல் தாளில் ஒரு தாய் தன் பச்சைக் குழந்தையை இரு கைகளாலும் ஏந்தி யாருக்கோ நீட்டுகிறாள். தியாகம் என்பது அதன் பெயர். அடுத்த தாளில் மரணம் பறை முழக்கிச் செல்ல, இளைஞர் மயங்கிய முகத்தோடு பின்செல்கின்றனர். மரணத்தின் பக்கத்தில் முதலாவதாய்ச் செல்பவன் பேற்றர். அதன்பின் பெற்றோர், விதவை, தாய்மார், மக்கள். வெண்மையைக் கீறிக் கீறிக் கருமையிலிருந்து மீட்டெடுத்தது போன்ற படங்கள். முதற் தாளில் குழந்தையை நீட்டும் கைகள் தம்முடையவை என்பதை அவர் அறிவார். 1924இல் இனிப் போர் வேண்டாம் என்று கையுயர்த்தும் இளைஞனின் சுவரொட்டியையும் வரைந்தார். அது அவருடைய எல்லாப் படங்களையும் விட அதிகமாகப் பரவியது. எனக்கென்னவோ அதைவிட இந்த ஏழு தாள்களே ஆழமாகப் படுகின்றன.

1926 யூன் மாதம் கணவனும் மனைவியுமாகப் பெல்ஜியம் சென்றனர். றொக்கவெல்டே என்னுமிடத்தில் வயல்களுக்கு நடுவே இருந்தது அந்தச் சிறிய இடுகாடு. வரிசை வரிசையாக மரச் சிலுவைகள். தேடி, மகனுடையதைக் கண்டனர். அருகே பூத்திருந்த காட்டு ரோசாச் செடியிலிருந்து மூன்று பூக்களைப் பறித்துச் சிலுவையடியில் வைத்தார்கள். வேறு சடங்கெதுவும் இல்லை. நினைவுச் சின்னம் மேட்டிலன்று, இங்கேதான் நிற்க வேண்டும் என்பது அப்போது அவருக்குத் தெளிவாகிவிட்டிருந்தது.

1932 யூலையில் அது அங்கு வைக்கப்பட்டது. அம்மையார் களிமண்ணிலும் சாந்திலும் வடித்த உருவங்களைச் சிற்பிகள் பெல்ஜியக் கருங்கல்லிற் செதுக்கிக் கொடுத்தனர். தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் உயிரோடிருந்த காலமும் பதினெட்டு ஆண்டுகள்தான்.

அதில் மகன் இல்லை. முதற் திட்டத்தில் நடுவே நீண்டு கிடந்தவன் காணாமற் போய்விட்டான். பெற்றோர் மட்டும் முழந்தாளிட்டிருக்கிறார்கள், ஒரே பீடத்திலன்று, தனித்தனிப் பீடத்தில், இடையே வெளி விட்டு. தந்தை முதுகு நிமிர்ந்து, கைகளிரண்டையும் மார்பின் குறுக்கே இறுகக் கட்டித் தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறார். முகச் சாயல் கார்லுடையது. தாய் முன்னே சாய்ந்து, தலை கவிழ்ந்து, போர்வைக்குள் குனிந்துவிட்டார். அந்த முகம் அவருடையது. ஒருவரையொருவர் அவர்கள் பார்க்கவில்லை. ஒரே துக்கத்தையும் தம்பதிகள் தனித்தனியாகத்தான் சுமக்க முடிகிறது என்பதை ஓர் இடைவெளியால் அவர் காட்டிவிட்டார்.

நம்முடைய பழைய நடுகல்லில் வீரன் நிற்பான். படைக்கலம் ஏந்தியிருப்பான். பெயரும் பீடும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபடுவர். இந்தக் கல்லில் வீரனுமில்லை, வெற்றியுமில்லை, நாட்டின் பெயருமில்லை. அனுப்பிவைத்தவர்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். இளையோரிடம் மன்னிப்புக் கேட்கும் முதியோர் என்று இந்தச் சிலையைப் பலர் கண்டிருக்கின்றனர். செய்தவர் மனத்திலும் அவ்வாறே இருந்தது என்பதை அவருடைய எழுத்துகளிலிருந்து உணரலாம். மகனைக் கல்லில் வடித்திருந்தால் அவன் என்றென்றும் போர்வீரனாகவே கிடந்திருப்பான். அவனை நீக்கியதால் அவன் பிள்ளையானான்.

அடுத்து வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கிறேன். ஹிட்லருக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபடவேண்டும் என்னும் அறிக்கையில் கையொப்பமிட்டமைக்காக, 1933 பெப்ரவரியில் அவரும் எழுத்தாளர் ஹைன்றிச் மன்னும் கலைக்கழகத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. 1936இல் இரகசியப் பொலிசார் வீட்டுக்கு வந்து தடுப்பு முகாமைக் காட்டி மிரட்டினார்கள். படைப்புகளைக் காட்சிக்கு வைக்க வழியில்லாது போயிற்று. 1937 ஒக்டோபர் 22ஆம் திகதி, மகன் மறைந்த நாளன்று, சிறிய சிலையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அமர்ந்திருக்கும் முதியவளின் முழந்தாள்களுக்கிடையே, கருவறைக்கே திரும்பியவன் போல மகன் ஒடுங்கிக் கிடக்கிறான். கையில் தூக்கிவிடக்கூடிய அளவுதான் அது. 1940இல் கார்ல் காலமானார்.

ஹான்ஸ் தன் மூத்த மகனுக்குத் தம்பியின் நினைவாகப் பேற்றர் என்று பெயர் வைத்திருந்தான். 1942இல், முதிர்ந்த வயதிலிருந்த பாட்டி மீண்டும் கல்லச்சுக்குத் திரும்பி ஒரு படம் வரைந்தார். முறுக்கிய கைகளையுடைய தாய் தன் போர்வைக்குள் மூன்று சிறுவரை அடக்கி வைத்திருக்கிறாள். அவர்கள் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள். குறும்பும் ஆவலும் ததும்பும் முகங்கள். விட்டால் ஓடிவிடுவார்கள். அவள் விடமாட்டாள். 1918இல் எழுதிய அதே விதைத் தானியக் கருத்தே இதற்குத் தலைப்பு. 1914இல் கதவருகே நின்ற தாய் செய்யத் தவறியதை இந்தக் கிழவி செய்கிறாள். படத்திலேதான் செய்ய முடிந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி பேரன் பேற்றர் ருஷ்யப் போர்முனையில் கொல்லப்பட்டான்.

1943இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பேர்லினை விட்டு நோர்ட்ஹவுசனுக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். நவம்பரில் அந்த ஐம்பதாண்டு வீடு குண்டுக்கு இரையாகியது. மகனின் அறையும் அதனோடு போயிற்று. மறு ஆண்டு, சாக்சனி இளவரசர் ஒருவரின் அழைப்பின் பேரில் டிரெஸ்டனுக்கு அண்மையிலுள்ள மோறிட்ஸ்பேர்க் சென்று தங்கினார். அங்கே 1945 ஏப்ரல் 22ஆம் திகதி உயிர் நீத்தார். ஐரோப்பாவில் போர் ஓய்வதற்கு இரண்டு கிழமைகள் இருந்தன.

அவர் செய்த சிறிய சிலையை நான்கு மடங்கு பெரிதாக்கி, 1993இல் பேர்லின் நகரின் மத்தியில், போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் அனைவருக்குமான தேசிய நினைவாலயத்தில் வைத்தார்கள். கூரையிலுள்ள வட்டத் திறப்பினூடாக மழையும் பனியும் அதன்மேல் விழும். கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒரே கூரையின்கீழ் வைக்கலாமா, மடியில் மைந்தனைத் தாங்கிய கிறித்தவ வடிவம் கொல்லப்பட்ட யூதருக்குப் பொருந்துமா என்று அப்போது கடும் விவாதம் எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானதென்றே நான் கருதுகிறேன். ஒரு தாய் தன் பிள்ளைக்காகச் செய்ததை அரசு தன் தேவைக்காகப் பெரிதாக்கும்போது, துக்கம் பெரிதாவதில்லை. அதன் முகவரிதான் மாறுகிறது.

றொக்கவெல்டே இடுகாடு இப்போது இல்லை. சிதறிக் கிடந்த ஜேர்மன் போர்வீரர் கல்லறைகளைப் பெல்ஜியத்தில் ஒருங்குசேர்த்தபோது, 1950களில், அங்கு கிடந்தோரும் அவர்களோடு கருங்கற் பெற்றோரும் விளாட்ஸ்லோ என்னுமிடத்துக்கு மாற்றப்பட்டனர். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு ஓக் மரங்களின் கீழ் உறங்குகின்றனர். நிலத்தோடு படிந்த கற்பலகை ஒவ்வொன்றிலும் இருபது பெயர்கள். தந்தையின் சிலைக்கு நேர்முன்னே கிடக்கும் பலகையில், ஏனைய பத்தொன்பது பேரோடு, சாதாரண காலாட்படைவீரனாகப் பேற்றர் கொல்விட்ஸ் என்னும் பெயர் இருக்கிறது. தந்தையின் பார்வை அதன்மேல் விழுகிறது. தாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பேரன் வீழ்ந்த ருஷ்யப் பிரதேசத்தில், இர்ஷேவ் நகரிலுள்ள ஜேர்மன் போர்வீரர் இடுகாட்டிலும், இந்த நூற்றாண்டில் அதே சிலைகளின் பிரதிகளை நிறுவியிருக்கிறார்கள். பேற்றருக்காக முழந்தாளிட்ட பாட்டனும் பாட்டியும், இரண்டாவது பேற்றருக்காக அங்கேயும் முழந்தாளிட்டிருக்கின்றனர்.